மாரியும் மருந்தும்: வாழைச்சேனையை முன்வைத்து நமத்தலியலில் ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

கார்த்திகை பிறந்தால் வாழைச்சேனையில் முதலில் நமப்பது பப்படம். அடுத்தது முறுக்கு, அதற்கடுத்தது தீப்பெட்டி, கடைசியில் மனிதர். இந்த வரிசை மாறி நான் கண்டதில்லை. ஆகவே இதை நமத்தலின் முதலாம் விதி என்று கொள்கிறேன். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கை வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே கடல், ஊரை ஒட்டி வாவி, தலைக்கு மேல் வானம் என்று ஈரத்துக்கு இங்கே மூன்று வாசல். 1950களில் இதே ஊரில் அரசாங்கம் ஒரு கடதாசி ஆலையை நிறுவி, வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. மாரி வந்தால் என் வீட்டுக் கடதாசிகள் வந்த வழியே திரும்பிக் கூழாகப் பார்க்கும்.

இப்படியான ஊரில், கல்லும் இரும்பும் உரசிப் பிறக்கும் ஒரேயொரு பொறியால் வெடிக்கும் துப்பாக்கியை நம்பி ஒருவன் வயலில் காட்டுப்பன்றிக்கு முன்னால் நின்றால் என்ன நடக்கும் என்பதே இவ்வாய்வின் பிரச்சினை. பன்றிக்கு இது பிரச்சினையே அல்ல என்பதையும் நடுநிலை கருதிப் பதிவுசெய்கிறேன்.

2. சொல்லாய்வு

துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். மொழியறிஞர் இதைத் துருக்கிச் சொல் ஒன்றோடு முடிச்சுப் போடுவர். துவக்கு என்றால் தொடங்கு என்றும் பொருள். மாரியில் அது தொடங்குவதேயில்லை என்பதால் இது மங்கல வழக்காகவும் இருக்கலாம்.

குழல்வாய் வழியே வெடிமருந்தைப் போட்டு இடிக்கும் துவக்கு இடியன் எனப்படும். வானத்து இடியன் நனைந்து நனைந்தே விடியவிடிய இடிக்கிறான். வரம்பில் நிற்கும் இடியனோ ஒரேயொரு முறை இடிப்பதற்கும் உலர்ந்த இடம் கேட்கிறான்.

சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பை ஆங்கிலேயர் சேவல் என்றார்கள். தமிழர் குதிரை என்றார்கள். அடைமழையில் சேவலும் கூவாது, குதிரையும் ஓடாது. இரு பண்பாடுகளும் ஒத்துப்போகும் அரிய இடம் இது.

3. முன்னோடி ஆய்வுகள்

சக்கிமுக்கித் துவக்கின் சூத்திரம் இது: குதிரை பாய வேண்டும், கல் உருக்குத் தகட்டில் உரச வேண்டும், பொறி கிண்ணிக்குள் விழ வேண்டும், அங்குள்ள பொடிமருந்து பற்ற வேண்டும், அந்த நெருப்பு, பற்றுவாய் எனும் சின்னத் துளையால் குழலுக்குள் போக வேண்டும். ஐந்து காரியம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் ஊர்க் கலியாண வீட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

1834 இல் இங்கிலாந்தின் வூலிச்சில் இவ்வகைத் துவக்குகளையும் தட்டினால் வெடிக்கும் மூடி வைத்துப் புதிதாக வந்த கேப் துவக்குகளையும் தனித்தனியே 6,000 தடவை சுட்டுப் பார்த்தார்கள். கேப் 36 தடவை ஏமாற்றியது. சக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது; ஏறத்தாழ ஆறரை வெடிக்கு ஒரு ஏமாற்றம். அந்த அரை வெடி எப்படி இருந்திருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்தக் கணக்கின் விலையைக் கொடுத்தவர்களுள் நம்மவரும் உண்டு. 1841 மே 30, அபின் யுத்தக் காலம். கான்டனுக்கு வடக்கே சன்யுவான்லியில், சென்னை மாகாணத்தின் 37 ஆவது சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த ஒரு கம்பனி கொட்டும் மழையில் தனித்து மாட்டிக்கொண்டது. கையில் இருந்தவை சக்கிமுக்கித் துவக்குகள். ஒன்றும் வெடிக்கவில்லை. திரண்டு வந்த ஊரவரைத் துவக்கு முனைக் கத்திகளாலேயே தடுத்தபடி சதுரம் கட்டி நின்றார்கள். தேடிவந்து மீட்ட கடற்படை வீரரின் கேப் துவக்குகள் அதே மழையில் வெடித்தன.

கேப்புக்கு வழி திறந்தவர் ஒரு பாதிரியார் என்பது இன்னொரு விசேடம். ஸ்கொட்லாந்தின் அலெக்சாண்டர் ஜோன் போர்சைத்துக்கு ஞாயிறு பிரசங்கம், மற்ற நாட்களில் பறவை வேட்டை. கிண்ணி மருந்து பளிச்சிட்டதுமே, குண்டு வருவதற்குள் பறவைகள் எழும்பிப் பறந்தன. பொறுக்க மாட்டாத போதகர், தட்டினால் வெடிக்கும் மருந்தால் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807 இல் காப்புரிமையும் பெற்றுக்கொண்டார்.

4. உலர்த்தும் உபாயங்கள்

பழைய வேட்டைக்காரர் சும்மா இருக்கவில்லை. கிண்ணியின் மூடி பொருந்தும் விளிம்பில் தேன்மெழுகோ கொழுப்போ பூசினார்கள். குழல்வாயை அடைத்தார்கள். பற்றுவாயில் இறகுக் காம்பைச் செருகி, சுடும் நேரத்தில் உருவினார்கள். குதிரையும் கிண்ணியும் அமைந்த பூட்டின் மேல் மெழுகேற்றிய தோலுறையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் ‘பசுவின் முழங்கால்’. கிண்ணி மருந்தை அடிக்கடி கொட்டிவிட்டுப் புதிது போட்டார்கள்.

இவ்வளவும் முதல் வெடிக்குத்தான் காவல். இரண்டாவது வெடியைக் கெடுப்பது மழையைவிட முதல் வெடியின் கரிதான். கருமருந்து எரிந்து மிஞ்சும் சாம்பலுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை விட்டிருந்தாலும் சற்று நேரத்தில் கிண்ணி கசியும். கரி குழைந்து கறுத்த சேறாகும். அதன்மேல் எவ்வளவு நல்ல மருந்தைப் போட்டாலும் சேற்றில் விதைத்த நெல்தான். சீலைத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் அடுத்த வெடி. நனையாத சீலைத்துண்டை எங்கே வைப்பது என்ற கேள்வி ஆய்வைத் தொடக்கப் புள்ளிக்கே கொண்டுபோகிறது.

5. பரிசோதனை

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு மதிப்பளித்தும், என் மனைவிக்குப் பயந்தும், துவக்குக்குப் பதிலாகத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். இரண்டும் உரசினால்தான் பற்றும். இரண்டும் அவசரத்துக்கு உதவா. நான்கு பெட்டிகளை நான்கு இடத்தில் மூன்று இரவு வைத்தேன்.

சட்டைப்பையில் இருந்தது பற்றவில்லை. குச்சியை இழுத்தபோது பெட்டியின் பக்கத்துப் பட்டை குழைந்து, சிவப்புப் பசையாகக் குச்சியோடு வந்துவிட்டது. சொப்பின் பைக்குள் இறுக்கிக் கட்டியதும் பற்றவில்லை. கட்டும்போதே உள்ளே மாட்டிய ஈரக்காற்றுக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்தது மூன்றாவது குச்சியில் பற்றியது. அன்றைய சோற்றில் கந்தக வாடை என்று வீட்டில் தீர்ப்பு. அடுப்புக்கு மேல் பறணில் வைத்தது முதல் குச்சியிலேயே பற்றியது. ஆனால் எரியும் அடுப்புக்கு மேலே தீப்பெட்டியைப் பேணுவதில் அறிவுக்கு ஒவ்வாத ஏதோவொன்று இருக்கிறது.

6. கள நேர்காணல்

இம்முடிவுகளோடு வட்டைக்குப் போனேன். வயல்வாடியில் மாமா பன்றிக்காவல் இருந்தார். மழை தூறியது. மெழுகு, இறகு, பசுவின் முழங்கால் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“மறுகா?” என்றார்.

“மறுகா என்ன மாமா, அப்பதான் வெடிக்கும்.”

“நீ மெழுகு பூசி, இறகைக் கழட்டி, முழங்காலை அவிழ்க்கிறதுக்குள்ள பண்டி கதிரையெல்லாம் திண்டுபோட்டுப் போயிரும் மனே.”

பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய்த் தகரம் கம்பில் தொங்கியது. எட்டி ஒரு தட்டுத் தட்டினார். வாடிக்குள் என் காது அடைத்தது. தூரத்தில், இருட்டுக்குள், வயல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஏதோ ஓடியது.

“இது நமக்காது” என்றார்.

7. முடிவுரை

அ. வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வருவதற்கு முன்னர், கிழக்கின் மானுக்கும் மரைக்கும் வருடத்தில் மூன்று மாதம் காவல் நின்றது மாரிதான். சம்பளம் வாங்காத உத்தியோகத்தர் என்பதால் அறிக்கைகளில் அதன் பெயர் இல்லை.

ஆ. வயற்காரனுக்கு வேண்டியது பன்றி ஓடுவது. அதற்குச் சத்தம் போதும். கல், உருக்கு, கிண்ணி, பற்றுவாய் எல்லாம் அந்தச் சத்தத்துக்குப் போகும் சுற்றுவழி.

இ. மாமாவின் தகரத்தை அன்றிரவு விடியும்வரை நானே தட்டினேன். ஒரு தடவையும் ஏமாற்றவில்லை. வூலிச்சின் 6,000 ஐ எட்டுவதற்கு முன் கை நொந்துவிட்டது என்பதே இவ்வாய்வின் ஒரே குறைபாடு.