சபைச் சண்டை: ஒரு செய்முறைக் கையேடு

தகுதிச் சான்றை முதலிலேயே காட்டிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினன். அதில் ஆறு வருஷம் செயலாளர். சபையின் மினிட்ஸ் புத்தகம் எங்கள் வீட்டு பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருந்தது. இரண்டு பாஸ்டர்கள் வந்து போனதையும், ஒரு பாஸ்டர் போகவே மாட்டேன் என்றதையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆகவே பாஸ்டரோடு மல்லுக்கட்ட நினைக்கும் விசுவாசிகளுக்கும், விசுவாசிகளை அடக்க நினைக்கும் பாஸ்டர்மாருக்கும் பாரபட்சமில்லாமல் இதை அளிக்கிறேன்.

தொடங்குமுன்: நமக்குள்ள வசதிகள்

சண்டை எல்லாச் சபையிலும் போடலாம். ஆனால் மற்ற இடங்களில் தடங்கல் அதிகம். கத்தோலிக்கருக்கு ஆயர், அவருக்கு மேலே போப். சி.எஸ்.ஐ.யில் பேராயர், டயோசீஸ், சினாட். புகார் படியேறிப் போவதற்குள் பாதி சூடு ஆறிவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பாப்டிஸ்ட் முறைப்படி ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும். பாஸ்டரை அழைப்பதும் அங்கத்தினர், அனுப்புவதும் அங்கத்தினர். சபைக்கு மேலே ஆண்டவர் ஒருவரே. அவரோ மனு போட்டதும் வாய்தா தேதி சொல்வதில்லை. ஆக வாதியும் நாமே, பிரதிவாதியும் நாமே, ஜட்ஜும் நாமே. தீர்ப்பு முடிந்ததும் டீ ஊற்றிக் கொடுப்பதும் நாமே.

பாரம்பரியமும் நம் பக்கம். 1609இல், இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிவந்திருந்த ஜான் ஸ்மித், முறையாக ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை என்று தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார். பிறகு தன் கூட்டத்தாருக்கும் கொடுத்தார். பாப்டிஸ்ட் சரித்திரம் அங்கேதான் ஆரம்பம். கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் வந்து, மென்னோனைட்டுகளோடு சேரப் பார்த்தார். அவர் கூட்டத்திலேயே இருந்த தாமஸ் ஹெல்விஸும் இன்னும் சிலரும் அவரை விலக்கிவைத்துவிட்டு, இங்கிலாந்து திரும்பி லண்டனில் சபை கண்டார்கள். முதல் சபை, முதல் பாஸ்டர், முதல் விலக்கம், எல்லாம் ஓரிரு வருஷத்துக்குள். நாம் அந்த வம்சம்.

விசுவாசிகளுக்கு

படி 1: காரணத்துக்கு நல்ல சட்டை மாட்டுங்கள்.
உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாஸ்டர் வந்து பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டில் சோலோ உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. இவை நிஜக் காரணங்கள். ஆகவே வெளியே சொல்லத் தகாதவை. 'உபதேசத்தில் ஆழம் இல்லை', 'ஆத்தும பாரம் குறைந்துவிட்டது' என்று தொடங்குங்கள். ஆழத்தை அளக்க யாரிடமும் டேப் கிடையாது.

படி 2: நேரில் மட்டும் போய்விடாதீர்கள்.
மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இதற்கு மூன்று படி சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு; கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ; அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நம் சபையில் இது சிறுபிள்ளைக்கும் மனப்பாடம். மனப்பாடம் ஆன எதையும் நாம் செய்வதில்லை என்பது வேறு விஷயம். அனுபவசாலிகள் இதே ஏணியைத் தலைகீழாக நிறுத்துவார்கள்: முதலில் வாட்ஸ்அப் குழு, அப்புறம் இரண்டு சம்பந்திமார், கடைசியில் பாஸ்டர். அவருக்கு விஷயம் எட்டும்போது, ஊட்டியில் இருக்கும் உங்கள் அத்தைக்கு அது பழைய செய்தியாகியிருக்க வேண்டும்.

படி 3: ஜெப விண்ணப்பமாக மாற்றுங்கள்.
புறங்கூறுதல் பாவம். ஜெப விண்ணப்பம் பாவமல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணை மூடுவதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "பாஸ்டர் குடும்பத்துக்காக ரொம்பப் பாரத்தோட ஜெபிங்க. விவரம் கேட்காதீங்க" என்று உட்கார்ந்துவிடுங்கள். மற்றதைச் சபையின் கற்பனை பார்த்துக்கொள்ளும். இன்னும் தேர்ச்சி பெற்றவர்கள் நேரே ஆண்டவரிடமே பேசிவிடுவார்கள்: "தகப்பனே, ஒலிபெருக்கி பில் விஷயம் உமக்கு மறைவானதல்ல." ஆண்டவருக்குத் தெரியும். பக்கத்தில் முழங்காலில் இருக்கும் டீக்கனுக்குத் தெரிய வேண்டுமே.

படி 4: 'நிறைய பேர்' ஆகுங்கள்.
தனி ஆளாகப் புகார் சொன்னால் அது உங்கள் வருத்தம். "நிறைய பேர் வருத்தப்படுறாங்க பாஸ்டர்" என்றால் அது எழுப்புதல். இந்த நிறைய பேர் யாரென்றால் நீங்கள், உங்கள் மனைவி, மச்சான். பெயர் கேட்டால், "அவங்க பேரைச் சொல்ல வேண்டாம்னாங்க" போதும். பொதுச்சபை நெருங்கும்போது அங்கத்தினர் பட்டியலை எடுத்து வையுங்கள். பெங்களூருக்குக் குடிபோய் ஏழு வருஷமாகி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கேக் சாப்பிட வருகிறவர்களுக்கும் ஓட்டு உண்டு. வேன் பிடியுங்கள்.

பாஸ்டர்மாருக்கும் டீக்கன்மாருக்கும்

படி 5: மைக் உங்கள் கையில்.
கணக்குக் கேட்டவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஞாயிறன்று கோராகின் கதையை எடுங்கள். மோசேக்கு விரோதமாக எழுந்தவனைப் பூமி வாயைத் திறந்து விழுங்கிய இடத்தில் குரலை இறக்கி, மூன்றாவது வரிசையைப் பார்த்து நிறுத்துங்கள். அடுத்த வாரம் சவுலின்மேல் தாவீது கைபோடாத கதை. அதே தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு, குகைக்கு வெளியே வந்து, 'ஏன் இப்படிச் செய்கிறீர்' என்று நேருக்கு நேர் கேட்டானே, அது வரும்போது நேரமாகிவிட்டது என்று முடிவு ஜெபத்துக்குப் போய்விடுங்கள்.

படி 6: முறுமுறுப்பை முளையிலேயே கிள்ளுங்கள்.
இதில் அப்போஸ்தலர்களைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு நிர்வாக அனுபவம் போதாது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க பாஷை பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. 'யார் தூண்டிவிட்டது?' என்று பன்னிருவரில் ஒருவராவது கேட்டாரா? இல்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்று பொறுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். அதாவது புகார் சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டி போய்விட்டது. சபை பெருகியது என்று அதே அதிகாரம் சொல்கிறது. நமக்குச் சபை பெருகுவதா முக்கியம்? "கணக்குக் கேட்கிறீங்களே, விசுவாசம் இல்லையா பிரதர்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுங்கள்.

படி 7: பொதுச்சபையைப் பிரியாணியோடு வையுங்கள்.
ஆராதனை முடிந்து, பகல் ஒன்றரை மணிக்கு, அண்டா திறந்த பிறகு கூட்டத்தைத் தொடங்குங்கள். பசித்த சபை எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்காது. சொசைட்டியாகப் பதிவான சபை வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் போட்டாக வேண்டும். எவ்வளவு நேரம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இருதரப்புக்கும்

படி 8: 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்' பழகுங்கள்.
கூட்டத்தில் எதுவும் ஓடாதபோது எழுந்து இதைச் சொல்லலாம். இதிலும் நமக்கு முன்னோடி உரிமை உண்டு. 1863இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டில், ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவ இன்ஜினியரைக் கேட்டுக்கொண்டார்கள். கோட்டை கொத்தளம் கட்டத் தெரிந்த மனிதரால் அந்தக் கூட்டத்தைக் கட்டி நிறுத்த முடியவில்லை. ஒரே கூச்சல். இனி விதி தெரியாமல் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று வைராக்கியம் கொண்டு படித்து, 1876இல் கூட்ட நடைமுறைக்கு ஒரு புத்தகமே போட்டார். 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்' என்று உலகம் முழுக்கச் சங்கங்களும் சபைகளும் இன்றைக்கும் புரட்டுவது அதைத்தான். உலகத்துக்கு நம்மவர்கள் செய்த உபகாரம் இது. நமக்கு அதில் ஒரு பக்கமும் தேவைப்பட்டதில்லை.

படி 9: சொத்து யார் பேரில் என்று பாருங்கள்.
உபதேசச் சண்டை முற்றினால் கடைசியில் பத்திரத்தில் வந்து நிற்கும். 1793இல் இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரியே தப்பவில்லை. செராம்பூரில் அவரும் சக மிஷனரிகளான மார்ஷ்மனும் வார்டும் எழுப்பிய கட்டடங்களும் நிறுவனங்களும் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று லண்டனிலிருந்த தங்கள் மிஷனரி சங்கத்தோடு வருஷக்கணக்காகக் கடிதப் போர். இதற்கிடையே கேரியின் தம்பி மகன் யூஸ்டஸ் உட்பட இளைய மிஷனரிகள் கல்கத்தாவில் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். 1827இல் செராம்பூரும் லண்டனும் அறுத்துக்கொண்டன. மறுபடி சேர்ந்தது 1837இல். கேரி 1834இலேயே கண்ணை மூடிவிட்டார். எத்தனையோ மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்தவருக்கே தன் சங்கத்துக்குப் புரியும்படி ஒரு கடிதம் எழுத முடியவில்லை என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்?

படி 10: பிரிந்து போங்கள்.
பழைய பெயருக்கு முன்னால் 'கிருபை' அல்லது 'மெய்யான' சேர்த்தால் புதுப் பெயர் தயார். மாடி ஹால் ஒன்றும் முப்பது பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். அங்கேயும் ஒலிபெருக்கி வாங்குவீர்கள். மறுபடி படி 1.

தவிர்க்க வேண்டியது: நான் செய்த பிழை

ஒலிபெருக்கி பில் என்று மேலே சொன்னது கற்பனையல்ல. புது ஸ்பீக்கர் செட் வாங்கிய கணக்கில் பில் இல்லை. பொருளாளராக இருந்த மூத்த டீக்கன், கேட்டபோதெல்லாம் "இருக்கு, இருக்கு" என்றார். நான் கையேட்டின்படியே நடந்தேன். நான்கு பக்கக் கடிதம், எல்லா டீக்கனுக்கும் நகல். கொரியரில் அனுப்பக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "மூணு தெரு தள்ளி இருக்கிறவருக்கு எதுக்குங்க கொரியர்? போய்க் கையில குடுங்க." அங்கேதான் வழி தவறினேன்.

சனிக்கிழமை சாயங்காலம். பார்சனேஜ் பின்கட்டில் பாஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மறுநாளைக்கான இராப்போஜன கப்புகளை ஒரு டப்பில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் நுனி மட்டுமே நுழையும் அளவு கண்ணாடிக் கப்புகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத் துண்டின்மேல் கவிழ்த்தார். "வாங்க பிரதர்" என்று இன்னொரு துண்டை நீட்டினார். துண்டு கையில் இருக்கும்போது கடிதத்தை எப்படி எடுப்பது? உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். இருபது கப் ஆனதும் பில்லைப் பற்றிக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டயும் இல்ல பிரதர். அண்ணன் வயசுல பெரியவரு. கேட்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றார். "நீங்க கேட்பீங்கன்னு நான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் இருவருமாகப் போய்க் கேட்டோம். அண்ணன் பீரோவைக் குடைந்து, வேறு ரசீதுகளுக்கு நடுவே கசங்கிக் கிடந்த பில்லை எடுத்தார். கூட்டினால் இரண்டாயிரத்துச் சொச்சம் இன்றைக்கும் இடிக்கிறது. அதற்கும் மூவருமாகக் கடைக்காரரிடம் போய்வர வேண்டியிருக்கிறது. தீர்மானம் இல்லை, ஓட்டு இல்லை, ஜெபக்கூட்டத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆறு வருஷ மினிட்ஸில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எழுத எனக்கும் வழி தெரியவில்லை.

கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து, துணியோடு சேர்ந்து துவைபட்டது. என்னிடம் நகல் இருக்கிறது. தேவைப்படுவோர் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.