க்யூ விசைக்கு மூடி போட்டவர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு சுடோகு மாமா இருப்பார். அநேகமாக வங்கியிலோ தணிக்கையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாளிதழில் வரும் சுடோகு அவருக்குக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த அலுப்பில்தான் கம்ப்யூட்டருக்கு வந்தார். எவ்வளவு கடினமான புதிருக்கும் அஞ்சமாட்டார். அவருடைய பயமெல்லாம் கீபோர்டின் மேல்தான்.

நியாயமான பயம். 'புட்டி' மென்பொருளை எழுதிய ஆங்கிலேயர் சைமன் டாத்தம், சுமார் 40 புதிர்களைத் தொகுத்து இலவசமாகவே தந்திருக்கிறார். அதில் மாமா ஆடும் 'சோலோ' என்பது சுடோகுதான். கன்ட்ரோலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய சிரமமெல்லாம் அங்கே இல்லை. யூ தட்டினால் கடைசியாகப் போட்டது அழியும், என் தட்டினால் புதிய ஆட்டம் வரும், க்யூ தட்டினால் கடையே மூடிவிடும். அந்தக் க்யூ எங்கே உட்கார்ந்திருக்கிறது? 1, 2 இரண்டுக்கும் நேர் கீழே! சுடோகு போடுகிறவர் 1, 2 பக்கம் போகாமல் இருக்க முடியுமா? விரல் கொஞ்சம் வழுக்கினால் ஒரு முற்பகல் முழுவதும் போட்ட கணக்கு போச்சு.

மாமா சும்மா இருப்பாரா? இருமல் மருந்து பாட்டில் மூடியைக் க்யூவின் மேல் கவிழ்த்து டேப் ஒட்டினார். கூடவே பக்கத்து டபிள்யூவும் கீழிருந்த ஏயும் அடைபட்டதால், மருமகனுக்கு அவர் எழுதும் ஆங்கிலம் சில நாள் விசித்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மூடியைக் கழற்றிவிட்டு, கரண்டிக் காம்பால் க்யூவையே நெம்பி எடுத்துத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். மாமி தூசி தட்ட வந்தால், "கீபோர்டு பக்கம் போகாதே!" என்று குளியலறையிலிருந்தே குரல் வரும்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராட்லி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கவைக்கும் கூட்டு விசையை உருவாக்கினார். முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடது கைப்பக்கம், தவறிப்போய் அழுத்திவிடலாம். ஆகவே எஸ்கேப்பை விட்டு வலக்கோடியிலிருந்த டெலீட்டுக்கு மாற்றினார்கள். "ரெண்டு கையும் வேணும்! பொறுப்புன்னா அது!" என்பார் மாமா.

அப்படியானால் மூடுமுன் 'நிச்சயமா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்டால் போதாதா? போதாது. எத்தனையோ வருஷம் கோப்புகளில் படிக்காமலே கையெழுத்துப் போட்ட விரல் அது. பெட்டி முழுசாகத் திறப்பதற்குள் என்டரைத் தட்டியிருக்கும்.

விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, செட்டிங்ஸ்ல ஒரு டிக்கை எடுத்தா, கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினாத்தான் இதெல்லாம் வேலை செய்யும்" என்று எடுத்தும் கொடுத்தான். மாமாவின் முகம் வாடிவிட்டது. இனி எதைக் குறை சொல்வது? இரண்டாம் நாளே அந்த டிக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அன்றே என் விசை தட்டுப்பட்டது. "போச்சு! எல்லாம் போச்சு!" என்ற அலறல் கீழ்வீடு வரை கேட்டது. பேரன் ஓடிவந்து யூவை ஒரு தட்டுத் தட்டினான். இந்தத் தொகுப்பில் புதிய ஆட்டத்தையே பின்வாங்கிக்கொள்ளலாம். பழைய புதிர் அப்படியே வந்து நின்றது. மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நாலாவது வரிசையில் ஒரு கட்டம், 1 முதல் 9 வரை எந்த எண்ணையும் ஏற்பதாயில்லை. எங்கேயோ ரொம்ப முன்னாடியே கோட்டை விட்டிருக்கிறார்.

பேரன் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்தார். என் விசையைத் தாமே அழுத்தினார்.

"மறுபடியும் போச்சுடா!"