காலு தரையில இடிக்குதா, தம்பி?

வாப்பா படிச்சவரே, உக்காரு. லெமனி ஸ்னிக்கெட்டோட ‘தி பேட் பிகினிங்’ படிச்சு முடிச்சியாமே. அஞ்சுக்கு மூணு நட்சத்திரம் போட்டியாமே. “பரவாயில்லை, ஆனா பயம் பத்தலை”ன்னு தீர்ப்பு வேற. அடேயப்பா! அது பத்து வயசுப் பிள்ளைக்கு எழுதின கதைடா. உனக்கு மீசை நரைக்க ஆரம்பிச்சாச்சு. சின்னப்பிள்ளை ராட்டினத்துல ஏறி உக்காந்துக்கிட்டு, காலு தரையில இடிக்குதுன்னு ராட்டினக்காரன்கூட மல்லுக்கு நிக்கியே, நியாயமா?

எனக்கு இங்கிலீசு வராது. பேத்தி படிச்சுச் சொன்னா, கேட்டுக்கிட்டேன். அவளுக்கு ராத்திரி தூக்கம் வரலை. உனக்கு கொட்டாவி வந்துச்சாக்கும்.

பயம் எங்கன்னு நான் காட்டட்டா? வயலட், கிளவுஸ், சன்னின்னு மூணு பிள்ளைக. மூத்தவளுக்கு 14 வயசு. கடைக்குட்டி கைப்பிள்ளை, கிடைச்சதையெல்லாம் கடிக்கும். கடற்கரையில நிக்கிற பிள்ளைககிட்ட போ-ன்னு ஒரு பேங்க் ஆளு இருமிக்கிட்டே வாரான். வீடு எரிஞ்சுபோச்சு, ஆத்தாளும் அப்பனும் மாண்டுபோனாங்கன்னு சொல்லுதான். சொன்னவன் சும்மா இருந்தானா? மாண்டாங்கன்னா செத்தாங்கன்னு அர்த்தமாம், அதையும் விளக்குதான்! எனக்கு அங்கேயே வயிறு கலங்கிருச்சு. நீ அந்தப் பக்கத்தை எப்பிடித் தாண்டினே?

பொறவு ஒலாஃப் பிரபுன்னு ஒரு நாடகக்காரன் வீட்டுல கொண்டுபோய் விடுதான். சொந்தக்காரனாம். மூணு பிள்ளைக்கும் ஒத்தக் கட்டில். அவன் கூட்டாளிக பத்துப் பேருக்கு சமைச்சுப் போடணும். சமைச்சுப் போட்டா, மாட்டுக்கறி எங்கன்னு கேட்டு கிளவுஸை அறையுதான். பிள்ளைக பேங்குக்கு ஓடி அழுதுச்சுக. போ என்ன சொன்னான் தெரியுமா? வளக்குறவன் அவன், அவன் இஷ்டப்படிதான் வளப்பான், எனக்கு வேலை கெடக்குன்னு அனுப்பிவிட்டுட்டான். பேய் வந்தா வேப்பிலை அடிக்கலாம். சொன்னா நம்பாத பெரிய மனுசனுக்கு என்னத்தை அடிக்க?

“கோதிக் வாடை கம்மி”ன்னும் சொல்லியிருக்கே. யம்மாடி, பெரிய வார்த்தை! அந்த வகையை ஆரம்பிச்சு வச்சது வால்போல்னு ஒரு இங்கிலீசுக்காரரு, 1764-ல. ‘ஒட்ராண்டோ கோட்டை’ன்னு கதை. தொடக்கமே எப்பிடித் தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை மேல ராட்சச இரும்புத் தொப்பி ஒண்ணு விழுந்து நசுக்கிப்போடுது. அழவா சிரிக்கவா? மகன் செத்த சூடு ஆறுமுன்னே, அந்தப் பொண்ணை நானே கட்டிக்கிடுதேன்னு நிக்கான் அப்பன். இங்க ஒலாஃப் என்ன செய்யுதான்? பிள்ளைக சொத்துக்கு ஆசைப்பட்டு வயலட்டைக் கட்டப் பாக்கான். பாழடைஞ்ச வீடு, கோபுரம், பொல்லாத பெரியவன், தப்பிக்க வழி தேடுற பொண்ணு. இன்னும் என்ன வாடை வேணும் உனக்கு? வவ்வால் புழுக்கையா?

பிள்ளைக குடும்பப் பேரு பாட்லேர். எட்கர் ஆலன் போவோட கதைகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோன கவிஞர் பேரும் அதேதான்னு பேத்தி சொல்லுதா. நீ கண்டுக்கிட்டியோ என்னமோ.

அதுக்காக குறையே இல்லைன்னு சொல்லலை. நாலு பக்கத்துக்கு ஒருக்கா எழுதினவரு குறுக்க வந்து, இந்தச் சொல்லுக்கு இது அர்த்தம், இந்தப் புத்தகத்தை மூடிட்டு வேற படிங்கன்னு மறிக்காரு. முதல் தடவை சிரிச்சேன். பொறவு, ஆளை விடுமய்யான்னு தோணிச்சு. 1999-ல தொடங்கி 2006 வரைக்கும் 13 புத்தகம். அதுல ரெண்டுலருந்து ஏழு வரைக்கும் ஒரே கூத்து: ஒலாஃப் வேசம் போட்டு வாரான், பிள்ளைக்குத் தெரியுது, பெரியவனுக்குத் தெரியலை. திட்டணும்னா இதை வாய் நெறையத் திட்டேன், யாரு வேண்டாங்கா? “பரவாயில்லை, இருந்தாலும், ஒரு வகையில”ன்னு என்னத்துக்கு அந்த வழவழா கொழகொழா?

நான் நிமிந்து உக்காந்த இடம் அந்த நாடகக் கல்யாணம். மேடையில நாடகம்னு சொல்லி நெசக் கல்யாணத்தையே நடத்தப் பாக்கான். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி நெசமாவே ஜட்ஜு; வேசம் கட்டுற ஆசையில அவளும் வந்து நிக்கா. தங்கச்சியைக் கூண்டுல அடைச்சு கோபுரத்துல தொங்கவிட்டிருக்கான். வயலட் மறுத்தா கூண்டு விழும். சட்டப்படி பொண்ணு அவ கைப்பட கையெழுத்துப் போடணும். வயலட் வலக்கைக்காரி. பேனாவை மெள்ள இடக்கையில எடுத்துப் போட்டுட்டா! செல்லாதுன்னு ஜட்ஜம்மாவே ஒத்துக்கிட்டா. பேத்தி கட்டில்லருந்து குதிச்சே போட்டா. நீ அந்த இடத்துல போனை நோண்டிக்கிட்டு இருந்தியோ?

சரி, அடுத்த புத்தகத்தையும் படிச்சு மார்க்கு போடுவியாமே. அதுல ஒரு பாம்பு வருது. பேரு ‘நம்பவே முடியாத கொடிய விரியன்’. அது கடிச்சா ஒண்ணும் ஆகாது. அதைக் கண்டுபிடிச்ச மனுசன் கேலிக்கு வச்ச பேரு. விஷம் பத்தலைன்னு எழுதிப்போடாதே.