இழை ஆராய்ச்சி

குழந்தை பிறக்கும் முன்பே நானும் மனைவியும் துணி டயப்பரில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தோம். மூங்கில் இழையா, மைக்ரோஃபைபரா என்று நடந்த விசாரணை எங்கள் பெண் பார்க்கும் படலத்தில்கூட நடக்கவில்லை. கடைசியில் 20 வாங்கினோம். புதுசை நாலைந்து முறை அலசினால்தான் நன்றாக உறிஞ்சுமாம். வாசனைத் திரவம் ஊற்றினால் இழையில் படிந்து அந்த உறிஞ்சும் தன்மையும் கெடுமாம். எல்லாம் மனப்பாடம்.

மகன் பிறந்ததோ ஐப்பசியில். சென்னை அடைமழையில், ஃபேனுக்கடியில் தோரணமாகத் தொங்கிய இருபதும் மூன்றாம் நாளும் சொதசொதவென்றே இருந்தன. (வீட்டு வாசனையைப் பற்றிப் பேச வேண்டாம்.) அம்மா பரணிலிருந்து ஒரு பழைய எட்டு முழ வேட்டியை இறக்கி, டர்ரென்று கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டினாள்.

"இது என்ன இழை அத்தை?" என்றாள் மனைவி.

"உன் மாமனார் இடுப்புல நைஞ்ச இழைம்மா."