ஃபிளெமிங்குக்குச் சொல்லிக் கொடுப்பவர்

பாலக்கோட்டில் தக்காளி மண்டியைச் சுற்றி எத்தனை டீக்கடைகள் இருக்கின்றனவோ, அத்தனை கிரிக்கெட் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். காரிமங்கலம், பென்னாகரம், அரூர், மொரப்பூர் என்று ஊருக்கு ஊர் ஆள் மாறுவாரே தவிர பதவி காலியாக இருந்ததில்லை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, துண்டுக்கு அடியில் மஞ்சள் டீ-ஷர்ட், முதுகில் 7 என்ற எண். டீ-ஷர்ட் மகனுடையது, கருத்து மட்டும் சொந்தம்.

இவர் கடைசியாக மட்டை பிடித்தது ஏரிக்குள். தண்ணீர் இல்லாத வருஷங்களில் ஏரிதான் மைதானம். தருமபுரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட வருஷங்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் அனுபவத்தில் குறை சொல்ல முடியாது.

அணி ஜெயிக்கும்போது இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 2010, 2011, 2018, 2021, 2023 என்று சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து முறை ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கியபோது இவரும் கூட்டத்தில் ஒரு ரசிகர், அவ்வளவுதான். விசில் அடித்தார், கேட்காதவனுக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். தோற்க ஆரம்பித்தால்தான் உள்ளே இருக்கும் கோச் துண்டை உதறிக்கொண்டு எழுவார். அந்தக் கணக்கில் 2025 அவருக்குப் பொற்காலம். 14 ஆட்டங்களில் 10 தோல்வி, பத்து அணிகளில் பத்தாவது இடம். பட்டியலின் அடியில் சென்னை அணி முடித்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. டீ மட்டும் இறங்கியது.

ஆரம்பித்து வைத்தது மார்ச் 28, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் பெங்களூர் அணி வைத்த இலக்கு 197. விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிய, எல்லாரும் தோனியை எதிர்பார்த்தபோது அஸ்வின் வந்தார். அவருக்கும் பிறகு ஒன்பதாவது ஆளாகத்தான் தோனி இறங்கினார். 16 பந்தில் 30 அடித்தார், ஆட்டம் 50 ரன்னில் போனது. 2008-க்குப் பிறகு பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை. தருமபுரி மாவட்டத்துக்குச் சனிக்கிழமை என்றால் பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் ஊருக்கு வரும் நாள். கோச்சின் அக்கா மகனும் வந்தான், சிவப்பு ஜெர்சியில். டீ கிளாஸைக் கையில் வாங்கும் முன்னே, "மாமா, ஈ சாலா கப் நம்தே!" என்றான். 'இந்த வருஷம் கோப்பை நமக்கே' என்று அர்த்தம். வருஷக்கணக்காக ஊரே சிரித்த வாசகம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"டேய், அடிக்கத் தெரிஞ்ச மனுசன ஒம்பதாவதா எறக்குனா என்னாத்துக்கு ஆவும்? மேல எறக்கணும்டா. அஞ்சாவதா, ஆறாவதா எறக்கட்டும். அப்பறம் பேசு" என்றார் கோச்.

அவர் சொன்னது குவாஹாத்திக்குக் கேட்டுவிட்டதோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை ராஜஸ்தானுக்கு எதிராகத் தோனி ஏழாவதாக வந்தார். 11 பந்தில் 16. ஆறு ரன்னில் தோல்வி. தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது, அன்றன்றைய நிலவரத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார் என்று பயிற்சியாளர் ஸ்டீஃபன் ஃபிளெமிங் விளக்கம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை டீக்கடையில் மறுப்பு வெளியானது: "முட்டி வலிக்கிற ஆள இவ்ளோ சீக்கிரம் எறக்குனா எப்படி ஓடுவாரு? ஒரு அறிவு வேணாம்?"

அடுத்த சனிக்கிழமை டெல்லியுடன் ஆட்டம். கிட்டத்தட்ட பாதி ஓவர்கள் மீதி இருக்கும்போதே தோனி வந்துவிட்டார். 26 பந்தில் 30 எடுத்துக் கடைசி வரை நின்றார். 25 ரன்னில் தோல்வி. கோச் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னன், ஒம்பதாவதே தேவலன்னு" என்றார். அப்போது என்றால் எப்போது என்று அந்த பெஞ்சில் கேட்பவர் கிடையாது. அது பெஞ்ச் மரியாதை.

இப்படிப்பட்டவரை முரண்பாடு பிடித்தவர் என்று ஒதுக்கினால் அது நம் அவசரம். அவரிடம் ஒரு கொள்கை இருக்கிறது, அதிலிருந்து அவர் அணுவளவும் விலகியதில்லை. துணிந்து எடுத்த முடிவு பலித்தால் அது தில், பலிக்காவிட்டால் கிறுக்குத்தனம். பந்து தரையில் விழுந்த பிறகுதான் எது தில், எது கிறுக்கு என்று தெரியும் என்பதால், விழும் வரை அவர் பொறுமையாக இருப்பார்.

ஏப்ரல் 8-ஆம் தேதி பஞ்சாப் அணியுடன் 220 ரன் துரத்தல். 49 பந்தில் 69 எடுத்திருந்த கான்வேயை ஃபிளெமிங் 'ரிட்டயர்ட் அவுட்' என்று வெளியே அழைத்து ஜடேஜாவை அனுப்பினார். அதற்கு ஒரு ஓவர் முன்பு வரை டிவியைப் பார்த்து, "அடிக்க முடியலன்னா வெளிய வாடா, அடுத்தவனாவது வரட்டும்!" என்று கத்தியவர் நம் கோச்தான். ஆட்டம் 18 ரன்னில் போன மறு விநாடி, "நின்னு ஆடிக்கினு இருந்தவன எவனாவது கூப்புடுவானா?" என்றார். டீ மாஸ்டர் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். பாக்கி நோட்டு அவர் கையில் இருக்கிறது, அவர் பார்க்கலாம்.

ஒரே ஒரு நாள் கோச் அதிகம் பேசவில்லை. கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு, தோனி மறுபடி கேப்டனான ஏப்ரல் 11. சேப்பாக்கத்தில் 20 ஓவர் ஆடி 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா அணி அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனது. "தொப்பூர் எறக்கத்துல நியூட்ரல்ல வர்ற லாரி மாதிரி எறங்குறானுங்க" என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். நெடுஞ்சாலையில் அந்தக் கணவாயைக் கடந்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணனை தேவைப்படாது.

சின்னப் பையன்களை இறக்கிய கதை இன்னும் விசேஷம். "பொடிப்பசங்கள எறக்கி மானத்த வாங்காதீங்க" என்பதுதான் சீசன் தொடக்கத்தில் அவர் நிலைப்பாடு. பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே மே 3 அன்று பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்ததும், அந்தப் பையனைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல் நடக்க ஆரம்பித்தார். அந்த ஆட்டமும் இரண்டு ரன்னில் தோல்வி என்பது வேறு விஷயம். பக்கத்து மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுக்காமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் மூல காரணம் என்று ஒரு தனிக் குற்றச்சாட்டும் உண்டு. நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்த டெல்லி அணி அவரைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்தது. அதற்கும் ஃபிளெமிங்தான் பொறுப்பு என்று சொல்லும் அளவுக்கு நம் ஆள் போகவில்லை. போகக்கூடியவர்தான்.

2007 டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இழுத்தால் அவர் கண் மின்னும். ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி ஓவர், பாகிஸ்தானுக்குத் தேவை 13 ரன். பெரிய பேரில்லாத ஜோகிந்தர் சர்மாவிடம் தோனி பந்தைக் கொடுத்தார். மிஸ்பா பின்பக்கம் தூக்கி அடித்த பந்து ஸ்ரீசாந்த் கையில் இறங்கியது, ஐந்து ரன்னில் கோப்பை. "அதாண்டா தில்லு!" என்பார் கோச். அந்தப் பந்து ஸ்ரீசாந்த் தலைக்கு மேலே பறந்திருந்தால் இதே பெஞ்ச் தோனியை என்ன சொல்லியிருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "பறக்கலயே!" என்றார். தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லட்டும்.

அமெரிக்காவிலும் இதே ரகம் உண்டு. அங்கே கல்லூரி ஆட்டத்துக்கே ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானங்கள் கட்டி வைத்து, பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள். அவர்கள் கால்பந்தில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். நான்காவதில் துணிந்து ஓடாமல் பந்தை உதைத்து எதிராளியிடம் தள்ளிவிடுவது வழக்கம். டேவிட் ரோமர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தொழில்முறை ஆட்டங்களைக் கணக்குப் போட்டு, பயிற்சியாளர்கள் துணிய வேண்டிய இடங்களில் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்று 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார். பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஊர் வழக்கப்படி தோற்றால் விதி என்று விடுவார்கள். புதுசாக ஒன்றைச் செய்து தோற்றால் வேலை போய்விடும். ரோமர் பாலக்கோட்டு டீக்கடையில் அரை மணி உட்கார்ந்திருந்தால் கணக்கே போட்டிருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கோச்சுக்கு ஏற்படும் பதவி மாற்றம்தான் எனக்குப் பிடித்த கட்டம். அங்கே அவர்தான் ஃபிளெமிங். இரண்டு ஏக்கர் காடு, சொட்டுநீர்க் குழாய், தக்காளி நாற்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது மாவட்டத்தில் பாதிப்பேர் தக்காளி நட முடிவு செய்தார்கள், இவரும் செய்தார். எல்லாரும் நட்டால் என்ன ஆகும் என்று பாலக்கோட்டு மண்டிக்குத் தெரியும். பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் பழம் செடியிலேயே அழுகும், இல்லாவிட்டால் சாலையோரம் கொட்டப்படும்.

பழம் விலை போகாத வருஷம் அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவார். "ராகி போடுன்னு தலபாடா அடிச்சிக்கினன், கேட்டாரா இந்த மனுசன்?" விலை நல்லாப் போன வருஷம் அதே வாசலில், "நான் சொல்லித்தான தக்காளி போட்டாரு!" கோச் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொடுக்கும் விளக்கம், தோற்ற ராத்திரி பத்திரிகையாளர் சந்திப்பில் ஃபிளெமிங் கொடுப்பதற்கு ஒரு இழை குறையாது. அன்றைய நிலவரத்தில் அது சரியாகப் பட்டது, மழை கைகொடுக்கவில்லை, அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் இதைச் சுட்டிக் காட்டினேன். "அது வேற, இது வேற. தக்காளி நம்ம கைல இல்ல" என்றார்.

2025 ஜூன் 3-ஆம் தேதி அக்கா மகனின் அணி நிஜமாகவே கோப்பை வாங்கிவிட்டது. மருமகன் போன் செய்தபோது மாமா காட்டில் மோட்டார் போடப் போயிருந்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு.

2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. டிசம்பர் ஏலத்தில் இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொட்டியது. இரண்டுக்குமே கோச்சிடம் தீர்ப்பு தயார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தீர்ப்பு. நீங்கள் பாலக்கோடு பக்கம் போனால் தாராளமாக அவரிடம் கேட்கலாம். ஒரு வேண்டுகோள்: டீக்கான காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஃபிளெமிங்குக்குச் சம்பளம் உண்டு, இவருக்கு இல்லை.