பொருத்தம் பார்க்கும் படலம்

வீட்டிலேயே முதல் மேசைக்கணினியைப் பூட்டத் துணிபவருக்கு, பத்துப் பொருத்தத்தோடு முடிந்துவிடும் திருமணம் எளிய காரியமாகத் தோன்றத் தொடங்கும். மதர்போர்டில் செயலி அமரும் இடமான சாக்கெட் ஒத்துவந்தால் போதும் என்று எண்ணியோரின் மயக்கத்தை, 2017இல் இன்டெல் தன் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளை அதே 1151 தொடுமுனைகளோடு வெளியிட்டு, பழைய போர்டுகளில் அவை இயங்கா என்று அறிவித்துத் தெளிவித்தது. டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய ரேம் வகைகள் இரண்டும் 288 முனைகள் கொண்டவையே எனினும், அவற்றின் வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. முகத்துக்கு நேரே மறுக்கும் இப்பண்பு இத்துறையில் அரிது. புதிய செயலியை அடையாளம் காணப் போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும், புதுப்பிப்பதற்கே இயங்கும் செயலி வேண்டும் என்பதும் ஒருங்கே நேர்ந்தபோது, 2018இல் ஏஎம்டி வாடிக்கையாளருக்குப் பழைய செயலியொன்றை இரவலாகவே அனுப்பிவைத்தது.