கொடி காத்த மாமா

மத்தியானம் ஒன்றரை, இரண்டு மணிக்கு வங்கக் கடலிலிருந்து காற்று கிளம்பினால் சென்னையே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு 'அப்பாடா' என்னும். அந்த நேரம் பார்த்து ஒரே ஒரு வீட்டில் மட்டும் கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் படார் படாரென்று சாத்தப்பட்டால், உள்ளே துணி காய்கிறது என்று அர்த்தம். சாத்துகிறவர் ரிட்டயரான ஒரு மாமாவாக இருப்பார்.

கடலோர ஃப்ளாட்டுகளில் இந்த ரகம் கட்டடத்துக்கு ஒருவர் உண்டு. எங்கள் திருவான்மியூர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடி. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கொடி காத்த மாமா. திருப்பூர் குமரன் மன்னிக்க வேண்டும்; 1932இல் அவர் உயிரைக் கொடுத்துக் காத்தது வேறு கொடி. இவர் காப்பது நீல நைலான் கொடி. அதில் தொங்கும் பனியன்கள் திருப்பூர்ச் சரக்கு என்பதால் சம்பந்தம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மொட்டை மாடியை அசோசியேஷன் பூட்டிவிட்டது. பால்கனியில் போட்டால் கட்டடத்தின் அழகு கெடுகிறதாம், சர்க்குலர் வருகிறது. ஆக, ஹாலில் குறுக்கே நாலு கொடி, பெட்ரூமில் கப்பி வைத்து இழுக்கிற கம்பி வரிசை, வாசலருகே வெட்டுக்கிளி மாதிரி கால் பரப்பி ஒரு ஸ்டாண்ட். அந்த வீட்டுக்குள் நிமிர்ந்தபடி போனவர் யாருமில்லை. குனிந்து, ஒரு புடவையை விலக்கி, அப்புறம் ஒரு போர்வையை விலக்கி, மூன்றாவது திரைக்குப் பின்னால் மாமி காபி டம்ளரோடு நிற்பதைப் பார்க்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

"துணி தானா காயாதுப்பா, காய வைக்கணும்" என்பது மாமாவின் வேதம். வங்கியில் இருந்தவர், கணக்கோடுதான் பேசுவார்.

"5 கிலோ துணி. மெஷின் என்ன பிழி பிழிஞ்சாலும் உள்ள 2½ லிட்டர் தண்ணி நிக்கும். இது 10க்கு 12 ரூம். 32 டிகிரியில இந்த ரூம் காத்து மொத்தமாத் தாங்கறதே ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுல முக்காலுக்கு மேல கடல் ஏற்கெனவே டெபாசிட் பண்ணியாச்சு. மிச்சம் கால் லிட்டர்தான் பாலன்ஸ். 2½ லிட்டர் செக்கை எங்க போய் மாத்துவே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் காலையில் அடிப்பது மேலக்காற்று. நிலத்தின் மேலேயே வருவதால் அதில் ஈரம் குறைவு. கடல் விழித்துக்கொள்வதற்குள் அந்தக் காற்றை மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, நனைந்த காற்றை வெளியே தள்ளி, பாஸ்புக்கைச் சுத்தமாக்கிவிட வேண்டும். அதனால்தான் அவர் வீட்டு வாஷிங் மெஷின் விடிகாலை நாலரைக்கே ஓட ஆரம்பிக்கிறது. அது கடைசிச் சுற்றில் உறுமும்போது கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று குடத்தோடு இறங்கியிருக்கிறார், இரண்டு முறை.

கடற்காற்றின் மேல் மாமாவுக்கு இன்னொரு வழக்கும் உண்டு: உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக் கசியும். கடற்காற்று கொண்டுவந்து துணியில் படியவிடும் உப்பும் அதையேதான் செய்யும். அதனால் அவருக்கு அடுப்படி உப்பு ஜாடிதான் வானிலை நிலையம். நுங்கம்பாக்கம் ஒன்று சொல்லும், மீனம்பாக்கம் இன்னொன்று சொல்லும். ஜாடியில் ஸ்பூன் செங்குத்தாக நின்றுவிட்டால் அப்பீல் கிடையாது, அன்றைக்கு ஜீன்ஸ் நனைக்கத் தடை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்ததை ஊரே வயிற்றெரிச்சலோடு சொல்லும். மாமா அந்த நாளைத் திருமண நாளைப் போல நினைவு வைத்திருக்கிறார். கடைசிப் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் முதல் போர்வை அப்பளமாகியிருந்ததாம். (திருமண நாளை அவர் நினைவு வைத்திருக்கிறாரா என்று மாமியைக் கேட்டேன். மாமி கிளிப் பொறுக்கப் போய்விட்டார்.)

ரத்தத்திலேயே வந்ததாகவும் இருக்கலாம். மயிலாப்பூர் வீட்டில் அவர் பாட்டி கைக்கெட்டாத உயரத்தில் மூங்கில் கட்டி, நீளக் கோலால் மடிப் புடவையை ஏற்றி உலர்த்துவாராம். யாரும் தொட்டுவிடக் கூடாது. பேரன் மடியை விட்டுவிட்டார், சட்டத்தை விடவில்லை. "தொடாதே, கைவேர்வை ஏறிடும்!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பாட்டியே இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

ஏ.சி. போடுவது படுக்கை விரிப்புக்கு மட்டும், அதுவும் 'டிரை' மோடில். மின் கணக்கு அட்டையைப் பார்த்து, யூனிட்டுகளை விரல் விட்டு எண்ணிய பிறகு. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவார்: "பார்த்தியா? இது நேத்து ராத்திரி என் வேஷ்டில இருந்தது." என்ன சொல்வது? "தெளிவா இருக்கு மாமா" என்று சொல்லிவைத்தேன்.

துணி காய்ந்ததா என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு மூன்று இடங்கள்: காலர் மடிப்பு, அக்குள் தையல், பாக்கெட்டின் அடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளி, கண்ணை மூடி, நாடி பார்க்கிற வைத்தியர் போல ஒரு நிமிஷம். அப்புறம் மூக்கு. அரை ஈரத்தில் கிடந்த துணியின் முடை நாற்றத்துக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாமா அதை எங்கேயோ படித்துவிட்டார். அன்றிலிருந்து துண்டை முகர்ந்து பார்த்து "மொராக்செல்லா வந்துட்டான்" என்று, கடன் கேட்க வரும் மைத்துனனைச் சொல்வது போல முகத்தைச் சுளிப்பார்.

போன ஆவணியில் எதிர் ஃப்ளாட்டில் கல்யாணம். முதல் நாள் ராத்திரி எங்கள் தெருவில் கரன்ட் போனது. விடிகிற வரை வரவில்லை. ஃபேன் இல்லை, ஏ.சி. இல்லை, இஸ்திரிப் பெட்டியும் இல்லை. வெளியே மழை வேறு. மண்டப வாசலில் மாமாவைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோளை ஒரு தினுசாக விறைத்துக்கொண்டு, சட்டை உடம்பில் படாமல் நடக்க முயன்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா, ஈரமா?"

"சேச்சே. உடம்புச் சூட்டுல காஞ்சுடும்."

சொன்னவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காலரைக் கிள்ளினார். கண்ணை மூடினார்.

"உன்னோடது ட்ரையர்ல போட்டதா?" என்றார், மெதுவாக.

"ஆமாம் மாமா."

கையை உதறிக்கொண்டு, பந்தி இருக்கிற பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.